பதினேழு பாட்டு

ஆவரங்குளம் தாலுகா ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் பரமசிவம் அண்ணாச்சி மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிறுநீர் கழித்தது, ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொன்றே காலுக்கு. கழிவறைக் கதவைத் தாழிடாமலேயே அவர் அதை உரத்த குரலில் வார்டுக்கு அறிவித்துவிட்டதால், நேரத்தைப் பற்றி மட்டும் பிற்பாடு யாருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை.

அந்த வார்டில் ஆறு கட்டிலும் ஆறு மிஷினும் இருந்தன, வெளியே வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு இருந்தது, இரண்டு சிறுநீரகமும் நின்றுபோன பதினெட்டுப் பேர் வாரத்துக்கு மூன்று நாள் முறை வைத்து வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், நாலு மணி நேரம் தங்கள் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருவதைப் பார்த்தபடி படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு வலியைவிடத் தாகம்தான் பெரிய துன்பம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதிலேயே காப்பியும் ரசமும் மாத்திரை விழுங்குவதும் அடக்கம். ஒருவர் மருந்துப் புட்டியின் மூடியால் அளந்து குடித்தார், ஒருவர் ஈரத்துணியை உதட்டில் ஒற்றிக்கொண்டே பஸ்ஸில் வந்தார், மழை பெய்தால் எல்லோரும் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள், சாரலுக்காக அல்ல, சத்தத்துக்காக.

பதினெட்டாவதாக வந்து சேர்ந்தவள் பேச்சிக்கனி, இருபது வயது, செங்காட்டூர் பெண்கள் கபடி அணிக்கு ஆறு வருடம் பாடிப் போனவள். எதிராளியின் களத்துக்குள் ‘கபடி கபடி’ என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவதற்கு அந்தப் பக்கத்தில் பாட்டு என்று பெயர். பிடிபட்டவளை, தொடப்பட்டவளை, நடுவழியில் மூச்சு அறுந்தவளைச் ‘செத்தவள்’ என்பார்கள். அவள் போய் ஓரத்துக் கோட்டில் உட்கார வேண்டும். அணியில் மிச்சமிருக்கிற ஒருத்தி பாடிப் போய்த் தொட்டுவிட்டு மூச்சு அறாமல் திரும்பி வந்தால், கோட்டில் முதலில் செத்தவள் முதலில் எழும்புவாள். பேச்சிக்கனியின் பாட்டு நீளமானது, அவள் போய்த் திரும்புவதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கலாம் என்று சொல்வார்கள். ஒரு தை மாதத்தில் அவள் காலில் கொலுசு ஏறவில்லை, பிறகு முகம் வீங்கியது, சின்ன வயசிலிருந்து குடித்த உப்புத் தண்ணீரோ வேறெதுவோ, காரணம் தெரியாமலேயே இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன.

அந்தச் செவ்வாய்க்கிழமை மிஷினிலிருந்து கழற்றிவிட்ட பிறகு அவள் தலைசுற்றல் அடங்கட்டும் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த கட்டிலில் மிஷின் மாட்டக் காத்திருந்த பரமசிவம் அண்ணாச்சி, ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர், நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்தெடுத்துப் பேசினார்.

“ஒரு செம்பு தண்ணி. ஒரே செம்பு. அதக் குடிச்சிட்டுச் செத்தாலும் சரிதான்.”

“நாமதான் ஏற்கெனவே செத்துட்டமே அண்ணாச்சி,” என்றாள் பேச்சிக்கனி. “கோட்டுல உக்காந்திருக்கோம், அவ்வளவுதான். யாராவது பாடிப் போய்ட்டு வந்தா மொதல்ல எழும்ப வேண்டியது நீங்க. ரிஜிஸ்டர்ல மொதப் பேரு உங்களுதுதான.”

“அப்பப் போய்ட்டு வா. வாய் மட்டும் நீளம்.”

அவள் எழுந்து வார்டு வாசலுக்குப் போய், நிலைப்படிக்கு வெளியே நின்று, குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கையில் பஞ்சுக்கட்டோடு, ‘கபடி கபடி கபடி’ என்று கட்டில்களுக்கு நடுவே குழாய்களில் கால் படாமல் போய், கடிகாரத்துக்குக் கீழே எதிர்ச்சுவரைத் தொட்டு, முகத்தைத் திருப்பாமல் பின்னடி வைத்தே வந்து நிலைப்படியைத் தாண்டி மூச்சை விட்டாள். ஞானசெல்வம் சிஸ்டர், இந்த வயதிலும் விளையாட்டா என்று கேட்க வாயெடுத்தபோதுதான் பரமசிவம் அண்ணாச்சி எழுந்து கழிவறைக்குப் போனார்.

மறுநாள் அதே பதினொன்றே கால் வரைக்கும் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்தன. அவர் ஒரு செம்பு தண்ணீர் குடித்தார், பிறகு இன்னொரு செம்பு, பிறகு வாசலில் நின்று மூன்று இளநீர், மோர், நன்னாரி சர்பத், வீட்டுக்குப் போய்ப் பழையசோற்று நீத்தண்ணி, மாலையில் மழை வந்தபோது தெருவில் இறங்கி வாயைத் திறந்துகொண்டு நின்றார், அவருடைய சம்சாரம் குடையோடு பக்கத்தில் நின்று அழுதாள். மறுநாள் பதினொன்றே காலுக்குக் குழாயை மூடினாற்போல் நின்றுவிட்டது, அவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், ஆனால் அவர் முகத்தில் ஒரு குளிர்ச்சி இருந்தது, அது ஒரு வாரம் இருந்தது.

டாக்டர் ரெஜினா ரத்தத்தை எடுத்து இரண்டு இடத்தில் பார்த்தார், இரண்டிலும் ஒரே கணக்குதான் வந்தது. சிஸ்டர் ரிஜிஸ்டரின் கடைசிக் கட்டத்தில் ‘எழும்பினார்’ என்று எழுதினார். ஒரு மிஷின் ஒரு முறை சும்மா இருந்ததைக் கண்டு, எந்தச் சிகிச்சையால் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. டாக்டர் ‘பாட்டு’ என்று பதில் எழுதினார். அடுத்த மாதம் வந்த அச்சடித்த படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சிக்கனி டயாலிசிஸ் இல்லாத நாளிலும் பஸ் ஏறி வந்தாள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்குத்தான் அவளிடம் மூச்சு இருந்தது, ஆகவே ஒரு நாளைக்கு ஒருவர் எழும்பினார். ஊர் அதைத் தன் வாழ்க்கையில் எங்கே வைப்பது என்று கொஞ்ச நாள் தடுமாறிவிட்டுப் பிறகு வசதியாக வைத்துக்கொண்டது. இளநீர்க்காரர் வண்டியை ஆஸ்பத்திரி வாசலுக்கு நகர்த்தினார், தெருக்குழாயில் குடம் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு எழும்பினவர் வந்தால் ஒதுங்கி நின்றார்கள், பஸ் ஸ்டாண்டில் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இன்னிக்கு யாரு எழும்புனது’ என்று கேட்டார்கள், தாய்மாமன் பாயசம் குடிக்கட்டும் என்று காதுகுத்துத் தேதிகளை ஜோசியரிடம் கேட்டுவிட்டுச் சிஸ்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தார்கள். அம்மன் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அவள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டார்கள். இது எங்களால்தான் என்று யாரும் உரிமை கொண்டாடவில்லை, மூன்று இடத்திலும் தாகக்காரர்கள் இருந்தார்கள்.

செல்வாக்குள்ள ஒருவர் தன் மைத்துனரைக் கொண்டுவந்து பெஞ்சில் முதல் ஆளாக உட்கார வைத்தது ஒரே ஒரு தடவை நடந்தது. பேச்சிக்கனி மறுப்புச் சொல்லாமல் பாடிப் போய் வந்தாள். மைத்துனர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். நாலு மைல் தள்ளித் தன் வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பீர் பாத்திமா, அன்றைய முறைக்காரி, மடியிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பானையைச் சாய்த்துக் குடித்தாள். அதற்குப் பிறகு வரிசையை யாரும் தொடவில்லை.

பதினேழு பேர் எழும்பி முடிந்த மறுநாள் பேச்சிக்கனியின் முறை என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அம்மா ஒரு தூக்குவாளி பதநீர் கொண்டுவந்திருந்தாள், செங்காட்டூர் அணி முழுதும் வந்து வராந்தாவில் நின்றது. அவள் பாடிப் போய் வந்தாள். பரமசிவம் அண்ணாச்சி எழும்பினார். அவர் வெட்கப்பட்டுப்போய் மத்தியானம் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

அணியின் கேப்டன் சண்முகவடிவுதான் அதைச் சொன்னாள். அவள் அதுவரைக்கும் பேச்சிக்கனி திரும்பும்போது வைக்கிற கால் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தவள்.

“பாடிப் போறவ ஆட்டத்துல இருக்கா. ஆட்டத்துல இருக்கவ எப்பிடி எழும்புவா? எழும்பணும்னா மொதல்ல அவ சாவணும்.”

பேச்சிக்கனி பதநீரை அம்மாவிடமிருந்து வாங்கிப் பரமசிவம் அண்ணாச்சியிடம் கொடுத்தாள். “புளிச்சிரும் அண்ணாச்சி, குடிங்க,” என்றாள்.

அவள் இரண்டாவது சுற்றுப் பாடினாள், மூன்றாவது சுற்றுப் பாடினாள். கார்த்திகை போய் மார்கழி வந்தது. பதினேழு பேரின் தாகமும் முறை வைத்துத் தணிந்தது, அவளுடையது மட்டும் தணியாமல் உள்ளேயே இருந்தது, குடிக்காத தண்ணீர் எங்கிருந்தோ வந்து அவள் நெஞ்சில் சேர்ந்தது. இரண்டு தலையணை வைத்துப் படுத்தவள் பிறகு உட்கார்ந்தே தூங்கினாள். டாக்டர் ரெஜினா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “மிஷின் எடுக்குற அளவுக்கு மேல உள்ள ஊறுது பேச்சி. இதயம் வீங்கிருக்கு. இனிமே பாடக் கூடாது,” என்றார்.

“நாளைக்குப் பீர் பாத்திமாக்கா முறை டாக்டர். அவங்க பேத்திக்குப் பெயர் வைக்குறாங்க.”

“உனக்கு என்ன முறைன்னு யோசிச்சியா?”

“நான் யோசிச்சா மூச்சு அறுந்துரும்,” என்றாள் அவள்.

மறுநாள் காலை பத்தரைக்கு அவள் நிலைப்படியைத் தாண்டினாள். மூன்றாவது கட்டில் வரைக்கும் குரல் நன்றாக இருந்தது, ஐந்தாவதில் மெலிந்தது, சுவரைத் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது, கைநீட்டிய நிலையில், பாட்டு அறுந்தது. முறைக்காரியாகத் துவைத்த வெள்ளைத் துப்பட்டி போட்டு வந்து உட்கார்ந்திருந்த பீர் பாத்திமா எழுந்து போய்த் தரையில் கிடந்தவளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தன்னுடைய ஒரு நாள் தண்ணீர் போனதைப் பற்றி நினைக்காமல், பக்கத்து ஊருக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

“ஏட்டி, நீ செத்துட்ட. போய்க் கோட்டுல உக்காரு.”

வார்டே மூச்சு விட்டது. இத்தனை நாளாக எல்லோரும் பயந்த வார்த்தை, எல்லோரும் உள்ளுக்குள் காத்திருந்த வார்த்தை. சிஸ்டர் ரிஜிஸ்டரை எடுத்துப் பதினெட்டாவதாக அவள் பெயரை எழுதினார். அப்புறம்தான் சண்முகவடிவின் வார்த்தை எல்லோருக்கும் முழுசாகப் புரிந்தது: செத்தவர் பாடிப் போக முடியாது, உயிரோடு இருப்பவர்தான் போகலாம்; இப்போது ஆட்டத்தில் உயிரோடு இருப்பது முந்தின நாள் எழும்பின பரமசிவம் அண்ணாச்சி ஒருவர்தான், அவருக்கும் இன்னும் முக்கால் மணி நேரம்தான். அதற்குள் அவர் பாடி அடுத்தவரை எழுப்ப வேண்டும், அடுத்தவர் தன் நாள் முடிவதற்குள் அதற்கடுத்தவரை. பதினேழு பாட்டு. ஒன்று அறுந்தாலும் களத்தில் ஆளில்லை.

“இந்த மூச்சு பதினேழு நாள் தாங்குமான்னு எனக்குத் தெரியல,” என்றார் டாக்டர், ஆக்ஸிஜன் குழாயைப் பேச்சிக்கனியின் மூக்கில் வைத்துக்கொண்டே. “அவள முன்னால போட முடியாதா?”

பேச்சிக்கனி கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினாள். “பின்னால செத்தவ முன்னால எழும்ப முடியாது டாக்டர்.”

பரமசிவம் அண்ணாச்சி இளநீர் வண்டியில் நின்றுகொண்டிருந்தார். கூட்டி வந்தார்கள். அவர் மீசையைத் துடைத்துவிட்டு நிலைப்படியில் நின்று ‘கபடி’ என்று ஆரம்பித்து இரண்டாவது கட்டிலிலேயே பல்செட் தளர்ந்து நிறுத்திவிட்டு, நல்ல வேளை இன்னும் கோட்டைத் தாண்டவில்லை, ஒத்திகைதான் என்று பொய் சொன்னார். சிஸ்டர் ஒத்துக்கொண்டார். மணி பதினொன்று.

“எனக்கு அந்த வார்த்த வழுக்குது,” என்றார். “இருபத்தொம்போது வருசம் மூச்சு விடாமச் சொன்ன வார்த்த வேற இருக்கு.”

“பாட்டுன்னா ஒரே மூச்சு. வார்த்த என்னவா இருந்தா என்ன,” என்றாள் சண்முகவடிவு.

அவர் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்: ஆத்துப்பாலம் சுடலைகோயில் விலக்கு மில்லுகேட்டு பனங்காடி சூசைபுரம் மேட்டுக்கடை சாஸ்தாநகர், சுவரைத் தொட்டார், சாஸ்தாநகர் மேட்டுக்கடை சூசைபுரம் பனங்காடி என்று அதே வழியில் திரும்பி ஆத்துப்பாலத்தில் நிலைப்படியைத் தாண்டினார். பீர் பாத்திமா எழும்பினாள். பேத்தியின் பெயர் வைப்புக்குப் போய் ரோஸ்மில்க் குடித்துவிட்டு வந்து, மறுநாள் பத்து மணிக்கு, ஒன்று ரெண்டு மூணு என்று ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடியாக மூன்று கட்டு எண்ணி மூன்றாமவரை எழுப்பினாள். மூன்றாமவர் வாத்தியார், பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொன்னார். நாலாவது ஆள் ஆடு மேய்த்தவர், ஆட்டைக் கூப்பிடுகிற சத்தம் ஒன்றையே சொன்னார், அது வார்த்தையா என்று ஒரு சின்ன வழக்கு வந்து தள்ளுபடியானது. ஐந்தாமவள் தன் அஞ்சு பிள்ளைகளின் பெயரை வசவோடு சேர்த்துச் சொன்னாள். எழும்பின ஒரு நாளில் தண்ணீர் குடிப்பதைவிடப் பாடிப் பழகுவதிலேயே ஆளுக்கு அரை நாள் போனது. தெருவில் பாத்திரம் விளக்கும் பெண்களும் சலூனில் காத்திருப்பவர்களும், தங்களிடம் மூச்சு விடாமல் சொல்ல என்ன வார்த்தை இருக்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். சிலருக்கு நிறைய இருந்தது, சிலருக்கு ஒன்றுமே இல்லை, அதை அவர்கள் வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை.

பதினாறு பாட்டு முடிந்தது. பேச்சிக்கனி ஒரு வார்த்தைக்கும் மறு வார்த்தைக்கும் நடுவில் நாலு மூச்சு வாங்கினாள், பதினாறாவது நாள் வார்த்தையே இல்லை. பதினேழாவது ஆள் அன்னலட்சுமி.

அன்னலட்சுமிக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவள் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. புருஷன் வேலாயுதம் உரக்கடையில் மூட்டை ஏற்றுகிறவர், அவளோடு ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பவர். எழும்பின அன்று முழுதும் அவள் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, குடித்தால் பாட்டு மறந்துவிடும் என்று பயந்தாள். மறுநாள் காலை நிலைப்படியில் வந்து நின்றவளுக்கு வாயே திறக்கவில்லை. அவளுடைய நேரம் முடியக் கால் மணி இருந்தது.

“எதாவது சொல்லுக்கா. குழம்புக்கு என்னென்ன போடுவியோ அதச் சொல்லு,” என்றாள் சண்முகவடிவு.

“அதெல்லாம் சொல்லிச் சொல்லியா போடுதேன்? கை போடுது.”

“சாமி பேரு?”

“மனசுக்குள்ள கும்பிட்டுத்தான் பழக்கம்.”

பீர் பாத்திமா பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏட்டி அன்னம், சொல்லணும்னு இருந்து சொல்லாமலே வச்சிருந்த வார்த்த ஒண்ணுகூடவா இல்ல? அதுலதான் மூச்சு நெறைய இருக்கும்.”

அன்னலட்சுமியின் முகம் சிவந்தது. அவள் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து தரையைத் தொட்டு, நிலைப்படியைத் தாண்டினாள்.

“வேலாயுதம் வேலாயுதம் வேலாயுதம் வேலாயுதம்.”

ஜன்னலோரம் நின்றவர் கையிலிருந்த எலுமிச்சை ஜூஸ் பாட்டில் சரிந்தது. “என்ன,” என்றார். அவள் இரண்டாவது கட்டிலைத் தாண்டினாள். “என்னட்டி, என்ன வேணும்,” என்றார். இருபத்தேழு வருடம் ‘இந்தாங்க’ என்றும் ‘கேட்டீங்களா’ என்றும் மாமியாரிடம் ‘உங்க மகன்’ என்றும் ரேஷன் கடையில் மகளை விட்டுச் சொல்ல வைத்தும் சேர்ந்து கிடந்த பெயர், ஒவ்வொன்றாக வெளியே வந்தது, அவள் கூப்பிடக் கூப்பிட அவரும் தன்னையறியாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், “ம்”, “இங்கதான இருக்கேன்”, “சொல்லு”, “ம்”. அவள் குரல் போகப் போக உயர்ந்தது. சுவரைத் தொட்டபோது கடிகாரம் அதிர்ந்தது. திரும்பி வரும்போது அவள் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள், அவர் அழுதுகொண்டிருந்தார், மிஷினில் படுத்திருந்த ஐந்து பேரும் கழுத்தை மட்டும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலைப்படிக்கு வெளியே வந்து இன்னும் மூச்சு மிச்சமிருந்ததால் அவள் மூன்று தடவை கூடுதலாகச் சொன்னாள்.

உள்ளே ஆக்ஸிஜன் கட்டிலில் பேச்சிக்கனி கண்ணைத் திறந்தாள். மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள், வெகுநேரம் வரவில்லை. நெஞ்சில் கட்டியிருந்த தண்ணீர் அத்தனையும் மாலைக்குள் இறங்கியது, எக்ஸ்ரே படம் கழுவின பலகை மாதிரி இருந்தது, டாக்டர் ரெஜினா அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். அம்மா கொடுத்த முதல் டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு அவள், “நம்ம ஊர்த் தண்ணி என்னம்மா இவ்வளவு உப்பு,” என்றாள், அடுத்த டம்ளரை நீட்டினாள். அன்று முழுதும் அவள் எங்கேயும் போகவில்லை, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டவில்லை என்பதே பெரிய விளையாட்டாக இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு அவள் பாடிப் போனாள். பழைய நீளம், பழைய கால். பரமசிவம் அண்ணாச்சி எழும்பிப் பல்செட்டைச் சரிசெய்துகொண்டார். சிஸ்டர் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுக் கேட்டார்:

“மூச்சு திரும்பிட்டே. இனிமே பழையபடி தினமும் நீயே பாடுதியா பேச்சி? இவங்க ஒவ்வொருத்தரும் பாடி முடிக்கதுக்குள்ள எனக்கு நெஞ்சு வலிக்கு.”

“வேண்டாம் சிஸ்டர். நானும் கோட்டுலயே இருக்கேன்,” என்றாள். “எனக்கும் ஒரு நாள் எழும்பணும்லா.”

அவளுடைய நேரம் முடிந்தபோது அவள் வராந்தாவில் இருந்தாள். தாகம் மெல்ல வந்தது, முதலில் உதட்டில், பிறகு நாக்கின் அடியில். அவள் பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் புதிதாக ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவை எடுக்க மறந்து வந்திருந்தார், கையில் டாக்டர் எழுதிய சீட்டு இருந்தது.

“எனக்கு இன்னிக்குத்தான் மொத தடவ,” என்றார். “இங்க என்னம்மா செய்யணும்?”

“பேரு கூப்பிட்டா உள்ள போய்ப் படுக்கணும். ஊசி கொஞ்சம் பெருசு, அப்புறம் பழகிரும்.” அவள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். “மூச்சு விடாமச் சொல்லுத மாதிரி உங்ககிட்ட வார்த்த எதாவது இருக்கா?”

அவர் நிஜமாகவே யோசித்தார். நாடாவின் ஒரு முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அவசரம் இல்ல,” என்றாள் பேச்சிக்கனி. “உங்க முறைக்குப் பதினெட்டு நாள் இருக்கு.”